ஆஸ்துமா இருப்பவருக்குக் கால் மரத்துப்போனால்

நடுவயதில் புதிதாக ஆஸ்துமா வந்தவர்களின் ரத்தப் பரிசோதனைத் தாளில் நான் முதலில் தேடுவது இசினோபில் என்ற வரியை. ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறவர்களே அதிகம். இசினோபில் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 வரை இருப்பது இயல்பு. ஆஸ்துமாவிலும் அலர்ஜியிலும் சற்றுக் கூடும். ஆயிரத்தைத் தாண்டி இறங்காமல் நின்றால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

நம் ஊரில் அந்தக் காரணம் பல நேரம் குடற்புழுவாகவோ, யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் இசினோபிலியாவாகவோ (இசினோபில் மிகுதி) இருக்கும். அதனால் பூச்சி மாத்திரை எழுதுவதில் தவறே இல்லை. அதைச் சாப்பிட்ட பிறகும் எண்ணிக்கை குறையாதபோது, மறுபடியும் அதே மாத்திரையை எழுதுவதுதான் எனக்கு வேதனை தருகிறது.

வடசென்னையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி. அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். சில ஆண்டுகளாக இளைப்பு. மூக்கில் வளர்ந்த சதையை ஆபரேஷன் செய்து எடுத்தும் திரும்ப வளர்ந்துவிட்டது. பிறகு வலது காலிலிருந்து செருப்பு நழுவி விழத் தொடங்கியது. நழுவியதே அவருக்குத் தெரியவில்லை. மின்சார ரயிலில் ஏறும்போது கால்விரல் படியில் இடித்தது. அடுத்து இடது கையில் சுண்டுவிரல் பக்கம் மரத்து, துணியைப் பிடிக்க முடியாமல் போனது. இளைப்புக்கு ஒரு மருத்துவர், மூக்குக்கு ஒருவர், காலுக்கு எலும்பு மருத்துவர் என மூன்று இடங்களில் மூன்று கோப்புகள். கால் பிரச்சினைக்கு முதுகெலும்பு டிஸ்க் காரணம் என்று சொல்லியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தன. விரலால் அழுத்தியும் நிறம் மறையவில்லை. இசினோபில் பல ஆயிரம்.

இது ரத்தக் குழாய்களின் அழற்சி. இன்று ஈ.ஜி.பி.ஏ. (இசினோபிலிக் கிரானுலோமடோசிஸ் வித் பாலிஆஞ்சைடிஸ்) என்கிறோம். 1951இல் நியூயார்க்கில் ஜேக்கப் சர்க், லோட்டே ஸ்ட்ராஸ் என்ற இரு நோய்க்குறியியல் மருத்துவர்கள் விவரித்ததால், 2012இல் பெயர் மாறும்வரை சர்க்-ஸ்ட்ராஸ் நோய் என்றே அழைக்கப்பட்டது. மிக அரிதான நோய். இசினோபில்கள் திசுக்களுக்குள் புகுகின்றன; சிறு ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கி, நரம்புக்குப் போகும் ரத்தம் தடைபடுகிறது. எந்த நரம்புக்கு ரத்தம் நின்றதோ அந்த இடம் மரத்து, பலமிழக்கும். அதனால்தான் ஒரு கால், பிறகு எதிர்ப்பக்கக் கை என்று தாறுமாறாக வருகிறது. சர்க்கரை நோயில் பொதுவாக இரு பாதங்களும் ஒன்றுபோல, விரல் நுனியிலிருந்து மரக்கும்.

ரத்தக் குழாய் அழற்சியோடு தொடர்புள்ள எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்கா ரத்தப் பரிசோதனை இந்த நோயாளிகளில் பாதிப் பேருக்குக்கூட பாசிட்டிவாக வருவதில்லை. நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடக் கூடாது. நான் மிகவும் அஞ்சுவது இதய பாதிப்பைத்தான். நெஞ்சுவலி இல்லாவிட்டாலும் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும். சிறுநீரையும் பார்க்க வேண்டும்.

பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடும் வழக்கம் இங்கே பெரிய கேடு செய்கிறது. இளைப்பு அடங்கும், இசினோபிலும் சில மணி நேரத்திலேயே சரியும். அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். நிறுத்தியதும் நோய் வெளியே வரும்.

சிகிச்சையிலும் ஸ்டீராய்டுதான் முதல் மருந்து, ஆனால் மருத்துவர் கண்காணிப்பில். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்ததும் அது உடலெங்கும் பரவக்கூடும். அதை முதலில் கவனித்துவிட வேண்டும். இதயமோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்ஸிமாப் சேரும். இசினோபிலைக் குறைக்கும் மெப்போலிசுமாப் ஊசிக்கு இந்த நோய்க்காக 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலைதான் பலருக்கு எட்டவில்லை. நரம்பு மெதுவாகவே தேறும், மாதக் கணக்காகும். பிசியோதெரபியை நடுவில் விட்டுவிடாதீர்கள்.

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு நோய்களையும் இதுபோன்ற ரத்தக் குழாய் அழற்சியையும் பார்க்கும் ருமட்டாலஜிக்குத் தனித் துறை இருக்கிறது. எங்கே காட்டினாலும், மூக்கு ஆபரேஷன் அறிக்கை உட்பட எல்லாக் கோப்புகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட தேதியையும் எழுதிக் கொண்டுபோங்கள்.