'ஜெண்டர் கொஸ்டினிங்' மாணவர்: தமிழ்ல எப்படி சொல்றது?

ஸ்கூல் சம்பந்தமான வழிகாட்டிகள்ல 'டிரான்ஸ்ஜெண்டர் மற்றும் ஜெண்டர் கொஸ்டினிங் மாணவர்கள்'னு சேர்த்தே எழுதுறாங்க. முதல் பாதிக்கு நம்மகிட்ட நல்ல வார்த்தை இருக்கு: திருநங்கை, திருநம்பி, பொதுவா சொல்லணும்னா திருநர். ரெண்டாவது பாதிலதான் சறுக்கல். 'பாலினம் கேள்விக்குரிய மாணவர்'னு ஒரு மொழிபெயர்ப்பு பாத்தேன், மனசு கஷ்டமாயிடுச்சு. ஒருத்தரோட நேர்மை கேள்விக்குரியதுன்னு சொன்னா அவர் மேல சந்தேகம்னு அர்த்தம், இங்க கேள்வி கேக்குறதே அந்தப் பிள்ளைதான், தன்னைப் பத்தி தனக்குள்ளயே கேட்டுக்குது, நாம ஒரு 'உரிய' சேர்த்து அந்தப் பிள்ளையையே சந்தேகத்துக்கு ஆளாக்கிடுறோம்.

அர்த்தம் இதுதான். பிறந்தப்போ ஆண்னோ பெண்ணுன்னோ எழுதினது தனக்குப் பொருந்துதான்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்க, இன்னும் பதிலுக்கு வராதவங்க. யார் மேல ஈர்ப்பு வருதுங்கிறது வேற விஷயம், ரெண்டையும் கலக்கக் கூடாது. பாலினம், ஈர்ப்பு ரெண்டுலயும் சிறுபான்மையா இருக்கிறவங்களைச் சேர்த்துச் சொல்ற 'எல்ஜிபிடிக்யூ'ங்கிற சுருக்கத்துல வர்ற க்யூவுக்கு குவியர்னு மட்டும் இல்ல, கொஸ்டினிங்னும் விரிவு சொல்றது உண்டு.

இப்போ வேர். ஜெண்டர், லத்தீன் 'கெனுஸ்'ல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, வகைன்னு பொருள். ரொம்ப காலம் அது முக்கியமா இலக்கணச் சொல்லாத்தான் இருந்துச்சு. நம்ம 'பால்' கதையும் கிட்டத்தட்ட அதேதான். பால்னா பகுதி, பிரிவு, அறத்துப்பால்ல வர்ற பால்தான், தொல்காப்பியத்துலயே ஆண், பெண், பலர்னு பிரிக்கிற சொல்லா இலக்கணத்துக்குப் போச்சு. நன்னூல் இன்னும் ஒரு படி மேல போய், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புற பேடு (இன்னைக்கு திருநர்னு சொல்றவங்களுக்கு கிட்டத்தட்ட அன்னைக்கு இருந்த சொல்) ஆண்பால், ஆண்மையை விட்டு பெண்மையை விரும்பினா பெண்பால்னு சொல்லுது, அதாவது அவங்க எதை விரும்புறாங்களோ அதை வெச்சு பால். (அஃறிணை போலவும் வரும்னு அடுத்து சொல்றது வலிக்குது, அதையும் மறைக்கக் கூடாது.)

கொஸ்டின், லத்தீன்ல 'க்வைரெரே'ங்கிற வினைல இருந்து வருது. அதுக்கு கேக்கிறதுன்னும் பொருள் உண்டு, தேடுறதுன்னும் பொருள் உண்டு. அதனால என் தேர்வு 'பாலினத் தேடலில் உள்ள மாணவர்'. 'பாலினக் குழப்பம்'னு எழுதாதீங்க, குழப்பம்னதும் தெளிய வைக்கணும்னு நாலு பேர் கிளம்பிடுவாங்க. தேடுற பிள்ளைக்குத் தேவை அவகாசம்.

பள்ளிக்கூடத்துல இந்தத் தேடல் முதல்ல மோதுறது தமிழோட விகுதிலதான். நான், நீ, வந்தேன், வந்தே, இதுல எதுலயும் பால் கிடையாது, நேரா பேசுறப்போ ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா 'வாடா', 'சொல்லுடி'ன்னு ஒத்த எழுத்து ஒட்டினா போதும் அந்தப் பிள்ளை சுருங்கிடும். பிள்ளையைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசுறப்போ வந்தான், வந்தாள்னு பால் வந்து நிக்கும். 'அவங்க வந்தாங்க'ன்னு சொன்னா அதுவும் தீர்ந்துச்சு, மரியாதைக்கு தினமும் பேசுறதுதானே. எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடணும், அந்தப் பேரை வீட்ல சொல்லலாமா, வேற யாருக்கெல்லாம் தெரியும்னு டீச்சர் தனியா கேட்டுக்கணும், வகுப்பு நடுவுல கேக்கவே கூடாது.

இன்னொண்ணு, 'பாலினத் தேடல்'ங்கிறது சர்க்குலருக்கும் பயிற்சிக்கும் உதவுற சொல், அட்டெண்டன்ஸ்ல ஒரு பேருக்குப் பக்கத்துல எழுதுறதுக்கு இல்ல. நாளைக்கு அந்தப் பிள்ளை நான் திருநம்பின்னு சொல்லலாம், இல்ல நான் பொண்ணுதான்னு சொல்லலாம், ரெண்டும் இல்லன்னும் சொல்லலாம், அன்னைக்கு அவங்க சொல்றதுதான் அவங்களுக்கான வார்த்தை.