வைல்டு கார்டு: சீட்டுக்கட்டிலிருந்து டென்னிஸ் களத்துக்கு வந்த சொல்

வைல்டு கார்டு என்றதும் நம்மில் பலருக்கு பிக் பாஸ் வீட்டுக்குள் பாதியில் நுழைபவர்தான் நினைவுக்கு வருவார். டென்னிஸில் இந்தச் சொல் அதற்கு வெகுகாலம் முன்பே புழங்குகிறது. அங்கே அது, தரவரிசையும் பார்க்காமல் தகுதிச் சுற்றும் ஆடவைக்காமல், போட்டியை நடத்துபவர்களே ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் இடம்.

சொல் பிறந்தது சீட்டுக்கட்டில். ரம்மி ஆடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஜோக்கர் எந்தச் சீட்டின் இடத்திலும் உட்காரும். அப்படிப்பட்ட சீட்டைத்தான் ஆங்கிலத்தில் 'வைல்டு' என்றார்கள். இங்கே காடு, மூர்க்கம் என்ற பொருளெல்லாம் இல்லை. வழக்கமான விதிக்குள் அடங்காதது, அவ்வளவுதான். கணினியில் எந்த எழுத்துக்கும் பதிலாக நிற்கும் நட்சத்திரக் குறிக்கும் இதே பெயர் உண்டு.

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களின் ஒற்றையர் பிரிவில் இப்போது 128 பேர் ஆடுகிறார்கள். 104 பேர் தரவரிசையை வைத்து நேரடியாக வருவார்கள், 16 பேர் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருவார்கள். மிச்சமுள்ள 8 இடங்கள்தான் வைல்டு கார்டு. பெரும்பாலும் உள்நாட்டு இளையவர்களுக்கும், காயத்திலிருந்து மீண்டு வரும் பழைய நட்சத்திரங்களுக்கும் போகும்.

இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் என்று நான் சொல்வது குரோஷியாவின் கோரன் இவானிசெவிச்சை. 1992, 1994, 1998 என மூன்று முறை விம்பிள்டன் இறுதிப்போட்டியில் தோற்றவர். 2001-இல் தோள்வலி, தரவரிசையில் 125-ஆவது இடம். நேரடியாக உள்ளே வர அது போதாது. விம்பிள்டன் அவருக்கு வைல்டு கார்டு கொடுத்தது. மழையால் மூன்று நாள் இழுத்த அரையிறுதியில் டிம் ஹென்மனை வென்று, இறுதியில் பேட்ரிக் ராஃப்டரைச் சந்தித்தார். ஐந்தாவது செட்டில் வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி. முதல் வாய்ப்பில் டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி எதிராளிக்குப் போனது. இரண்டாவதிலும் டபுள் ஃபால்ட். மூன்றாவதில் ராஃப்டர் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி அடித்துத் தப்பினார். நான்காவதில் ராஃப்டரின் பந்து வலையில் விழுந்தது, 9-7. வைல்டு கார்டில் வந்து விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற ஒரே ஆண் அவர்தான். பெண்களில், ஓய்வு பெற்று, குழந்தை பெற்றுத் திரும்பி வந்த கிம் கிளைஸ்டர்ஸ் 2009-இல் இதே வழியில் அமெரிக்க ஓபனை வென்றார்.

கொடுப்பவர் மனம் வைத்தால்தான் இந்த இடம் கிடைக்கும். ஊக்கமருந்துத் தடை முடிந்து 2017-இல் வந்த ரஷ்ய வீராங்கனை மரியா ஷரபோவாவை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் போட்டி அழைத்துக்கொண்டது, பிரெஞ்சு ஓபன் மறுத்துவிட்டது. நான் பிரெஞ்சு ஓபன் பக்கம்தான். தடை முடிந்தவர் தகுதிச் சுற்று ஆடி வருவதே முறை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'காட்டு அட்டை' என்றால் பொருளே தொலைந்துவிடும். 'நேரடி நுழைவு' தவறு, அது அந்த 104 பேருக்கு உரியது. 'சிறப்பு அனுமதி' மோசமில்லை, ஆனால் அனுமதி யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. நம் அரசு நிர்வாகத்தில் 'விருப்புரிமை ஒதுக்கீடு' என்ற சொல் நெடுநாளாக இருக்கிறது. பொதுவான வரிசையில் சேராமல், அதிகாரம் உள்ளவர் தாமே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என்பதே அதன் பொருள். அதையே எடுத்துக்கொண்டு 'விருப்புரிமை நுழைவு' எனலாம் என்பது என் பரிந்துரை. 2009 சென்னை ஓபனில் விருப்புரிமை நுழைவு பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், முன்னாள் நம்பர் 1 கார்லோஸ் மோயாவை வீழ்த்தி இறுதிப்போட்டி வரை போனார் என்று எழுதினால் எங்கேயும் தட்டவில்லை.