மேல்தண்ணீர் தெளிவு, அடித்தண்ணீர் கஞ்சி

தொண்டிக்குக் கிழக்கே, வாடைக் காற்று ஓய்ந்த மறுநாள். நாலு பாகம் (ஏழு மீட்டர் சொச்சம்) ஆழம். மேலே கடல் ஓரளவு தெளிந்திருந்ததால் வண்டலை அளக்க அரை மீட்டர் ஆழத்தில் ஒரு குப்பி நீர் எடுத்தேன். "மேத்தண்ணியப் பாத்து என்ன சார் செய்ய? அடித்தண்ணி கஞ்சியாக் கெடக்கு" என்றார் படகுக்கார அண்ணன். தரைக்கு ஒரு சாண் மேலே இன்னொரு குப்பியை இறக்கி, கயிறு வழியே ஒரு எடையை விட்டு அதன் வாயை மூடி மேலே இழுத்தோம். வெயிலில் பிடித்துப் பார்த்தால், குப்பிக்குப் பின்னால் வைத்த விரல் தெரியவில்லை.

வண்டல் சுமந்த நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. சரிவு கிடைத்தால் தரையோடு ஒட்டி ஓடும். 1929 நவம்பரில் கனடாவுக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்துக்குப் பின் ஆழ்கடல் தந்திக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அறுந்த நேரங்களை வைத்தே பின்னாளில் அந்தச் சேற்றோட்டத்தின் வேகத்தைக் கணித்தார்கள். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் அவ்வளவு பெரிய ஓட்டத்துக்கு இடமில்லை. இங்கே காற்றும் அலையும்தான் சேற்றைக் கிளப்புகின்றன. ஆனாலும் அளக்கும்போது செய்யும் தவறு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: மேல்நீரையும் அடிநீரையும் சேர்த்துச் சராசரி எடுப்பது.

இந்த ஓட்டங்களைச் சுருக்கமாகச் சொல்ல மூன்று எண்கள் போதும் என்பார்கள்: தரையோடு ஓடும் சேற்றுப் படலத்தின் தடிமன், சராசரி வேகம், சராசரி வண்டல் அளவு. மூன்றையும் சேர்த்தால் ஃபுரூடு எண் (ஓட்டத்தின் வேகத்தை, அந்தப் படலத்தின் மேல் அலை பரவும் வேகத்தோடு ஒப்பிடும் எண்) கிடைக்கும். அது 1-ஐ நன்றாகத் தாண்டினால் ஓட்டம் மேலிருக்கும் தெளிந்த நீரை வேகமாக இழுத்துக்கொண்டு தடிக்கும். மிகவும் பயனுள்ள சுருக்கம், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தச் சராசரி படலத்துக்குள் மட்டும் எடுக்க வேண்டியது. மொத்த ஆழத்துக்கும் எடுத்தால் என்ன ஆகும்?

ஒரு கணக்கு போடுவோம். 10 மீட்டர் ஆழம். அடி 1 மீட்டரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வண்டல், மேல் 9 மீட்டரில் 10 மில்லிகிராம். சராசரி 29. அறிக்கையில் 29 என்று படித்தால் யாருக்கும் கவலை வராது. கடற்புல் வேர்விட்டிருப்பதோ அந்த 200-க்குள். இலைமேல் சேறு படிந்தால் வெளிச்சம் போய்விடும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களும் அடியில்தான் இருக்கின்றன. மேலே விழும் வண்டலைத் தள்ளவே அவற்றின் சக்தி செலவாகும்.

துறைமுகம், தூர்வாருதல் என்று கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் கேளுங்கள்: மாதிரி எந்த ஆழத்தில் எடுத்தது? வாடைக் காலத்திலா, கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்திலா? நீரோட்டத்தையும் அதே ஆழத்தில் அளந்தார்களா? மீனவ அண்ணன்மார் ஒன்று செய்யலாம். வலையின் அடிக்கயிற்றில் சேறு ஏறிய தேதியையும் பாகத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.