புனித ஜார்ஜ் குத்துவது யாளியை அல்ல, வலுசர்ப்பத்தை

குதிரைமேல் இருந்து ஈட்டி பாய்ச்சும் புனித ஜார்ஜ் ஓவியம் எங்கே வந்தாலும், 'யாளியைக் கொல்லும் ஜார்ஜ்' என்று கீழே எழுதிவிடுகிறார்கள். தவறு. அங்கே கிடப்பது டிராகன், தமிழில் வலுசர்ப்பம்.

கிரேக்கத்தில் 'திராகோன்' என்றால் பெரும்பாம்பு. லத்தீனில் 'திராக்கோ', ஆங்கிலத்தில் டிராகன். வேர் அவ்வளவுதான்.

யாளிக்குச் சிங்க உடல், சிலவற்றில் துதிக்கையும் உண்டு. சங்கப் பாடல்களில் யானையை வீழ்த்தும் ஆளி அதுவே. கோயில் தூணில் காவல் நிற்பதும் அதுவே. அதற்கு நஞ்சு கிடையாது. ஜார்ஜ் கதையோ நஞ்சில்தான் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வொராஜினே தொகுத்த புனிதர் கதைகளின்படி, லிபியாவின் சிலேனா நகருக்கு அருகே ஏரியில் கிடந்த அந்தப் பாம்பின் மூச்சுக்காற்று பட்டே மக்கள் செத்தார்கள். அதை அடக்க நாளுக்கு 2 ஆடு போட்டார்கள். ஆடு குறைந்ததும் ஓர் ஆடு, ஓர் ஆள் என்று சீட்டுப் போட்டார்கள். சீட்டு அரசன் மகளுக்கும் விழுந்தது. இந்தக் கதையில் யாளியை வைத்தால் மூச்சில் நஞ்சு எப்படி வந்தது என்று வாசகர் திகைப்பார்.

யாளியை விட்டவர்கள் 'அரக்கப் பாம்பு' என்கிறார்கள். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் 12ஆம் அதிகாரத்தில் வரும் டிராகனுக்குக் கத்தோலிக்கத் திருவிவிலியம் கையாளும் சொல் இது. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் வலுசர்ப்பம். சர்ப்பம் வடசொல் என்று தள்ளுகிறவர்கள், அரக்கன் ராட்சசனிலிருந்து வந்தவன் என்பதை மறந்துவிடுகிறார்கள். அரக்கன் என்றதும் தமிழருக்கு நினைவில் வருபவன் இராவணன்: கை கால் உண்டு, பேச்சு உண்டு. 'வலு' வலிமையைச் சொல்கிறது, 'சர்ப்பம்' உடலைச் சொல்கிறது, குழப்பமில்லை. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'வல்லரவம்' என்று எழுதுங்கள், மனமார ஏற்கிறேன். 'பறவைநாகம்' வேண்டாம். ஓவியத்தில் சிறகு இருந்தாலும், கதையில் அது பறப்பதே இல்லை.

சொல்லைத் தேடும் முன் படத்தைப் பார்க்க வேண்டும். அதுகூட இப்போது நடப்பதில்லை. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் பாவ்லோ உச்செல்லோ 1470 வாக்கில் வரைந்த ஓவியம் இருக்கிறது. ஈட்டி வலுசர்ப்பத்தின் தலையில் இறங்கி, ரத்தம் சொட்டுகிறது. பக்கத்தில் நிற்கும் இளவரசியின் கையில் ஒரு கயிறு. 'கட்டிவைக்கப்பட்ட இளவரசி' என்று எழுதுவது இந்தக் கயிற்றைப் பார்த்துத்தான். கயிற்றின் மறுமுனை எங்கே போகிறது என்று கவனியுங்கள்: வலுசர்ப்பத்தின் கழுத்துக்கு. கதையில் ஜார்ஜ் சொன்னபடி அவள் தன் இடைக்கச்சையை அதன் கழுத்தில் கட்டுகிறாள், அது நாய்க்குட்டிபோல ஊருக்குள் பின்தொடர்கிறது. குத்துவதையும் கட்டி இழுப்பதையும் ஓவியர் ஒரே சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்.

ஆளையும் மாற்றி எழுதுகிறார்கள். வெல்பவருக்குச் சிறகு இருந்தால் வானதூதர் மிக்கேல், கையில் தராசும் இருக்கலாம். குதிரைமேல் இருந்தால் பெரும்பாலும் ஜார்ஜ், வெள்ளையில் சிவப்புச் சிலுவை இருந்தால் ஐயமே இல்லை. பெண் மிதித்து நின்றால் அந்தியோக்கியாவின் புனித மார்கரெட். மூவர் காலடியிலும் வலுசர்ப்பம் என்றே எழுதலாம்.

மழை தரும் சீனத்து டிராகனுக்கு மட்டும் இந்தச் சொல் ஆகாது. அதை டிராகன் என்றே விடுங்கள்.