கழுத்து ஆபரேஷன் ஆனவரைப் படுக்கையில் போட்டு வைக்காதீர்கள்

எழுபது வயதைத் தாண்டியவர். விழுந்ததில் கழுத்து முள்ளெலும்பு முறிந்து, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து, நல்லபடியாக வீட்டுக்குப் போனவர். 6 வாரம் கழித்து வீல்சேரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். எக்ஸ்ரேயில் ஸ்குரூ ஒன்றுகூட இடம் மாறவில்லை. தொடை மட்டும் சூம்பிவிட்டது. "ஆபரேஷன் பண்ணின கழுத்தாச்சே, அசையவே விடாமப் பாத்துக்கிட்டோம்" என்கிறார்கள் வீட்டில். பாசத்தில் செய்ததுதான், தெரிகிறது. ஆனால் இது இன்னும் எத்தனை பேருக்கு நடக்க வேண்டும்?

பிளேட்டும் ஸ்குரூவும் வைப்பதே எலும்பு கூடும் முன்னரே அவர் எழுந்து நடமாட வேண்டும் என்பதற்காகத்தான். எலும்பு கூட 3 முதல் 6 மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. அதுவரை படுத்திருந்தால் கழுத்து கூடியிருக்கும், எழுந்து நிற்கக் கால் இருக்காது. எந்த நோயும் இல்லாத முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்தால் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழக்கிறார்கள். கூடவே நிமோனியா, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், படுக்கைப்புண், மலச்சிக்கல், இரவு பகல் தெரியாத குழப்பம். ஓய்வு தேவைப்படுவது கழுத்துக்கு, உடம்புக்கு அல்ல. கழுத்தை வளைப்பது, திருகுவது, எடை தூக்குவது, இவைதான் கூடாதவை. நடப்பது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. டாக்டர் தனியாகத் தடை சொல்லாதவரை, ஒருவர் அருகில் இருக்க, ஒரு தடவைக்கு 5 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

எழுப்பும் விதம்தான் முக்கியம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள்! முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒருசேர ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி அவரே எழட்டும். ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு நிற்கட்டும்.

கழுத்துப்பட்டை விஷயத்தில் இரண்டு விதமான தவறும் நடக்கிறது. 6 வாரம் என்று எழுதிக் கொடுத்ததை 6 மாதம் போட்டு, கழுத்துத் தசையைக் கரைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் அரிக்கிறது என்று பத்தே நாளில் கழற்றிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. சிலருக்குப் பட்டையே தேவைப்படாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்களே என்று நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள். போட்டிருப்பவருக்குத் தாடை, பின்தலை, காறை எலும்பு மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் புண் வரப்போகிறது.

முன்கழுத்து வழியாகச் செய்த ஆபரேஷனில் முதல் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரலும் கம்மும். நிமிர்ந்து உட்கார்ந்து, மசித்த உணவைச் சிறு வாயாக, அவசரமில்லாமல் சாப்பிடட்டும். சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்க வேண்டாம். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்னவோ.

கை மரத்திருப்பதைப் பார்த்து "ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று மனம் ஒடிந்துபோகிறவர்கள் நிறைய. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் நசுங்கியிருந்தால் ஆபரேஷனின் முதல் நோக்கம் அது மேலும் கெடாமல் தடுப்பது. மீள்வது அதன் பிறகு, மாதக்கணக்கில். வயதானவர் முகம் அடிபட விழும்போது வரும் தண்டுவடக் காயத்தில் பெரும்பாலும் முதலில் கால் தேறும், விரல்கள் கடைசியில்தான். அதுவரை பட்டன் போடுவது, ஸ்பூன் பிடிப்பது எல்லாவற்றையும் அவரையே செய்ய விடுங்கள். நீங்கள் ஊட்டிவிட்டால் அந்த விரல்களுக்குப் பயிற்சி ஏது?

புகை கூடாது, எலும்பு கூடுவதைக் கெடுக்கும். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் சிலவும் எலும்பு கூடுவதைக் கெடுக்கலாம். நீவி விடுகிறேன், சொடுக்கு எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் அந்தக் கழுத்தில் கை வைக்க விடாதீர்கள், தயவுசெய்து.

மூச்சுத் திணறல், கழுத்தில் திடீர் வீக்கம், கை கால் புதிதாகத் தளர்வது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது: அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்கு. காய்ச்சல், தையலில் கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, இவற்றுக்கும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி: முதலில் அவர் ஏன் விழுந்தார்? ராத்திரி இருட்டில் கழிவறைக்குப் போனாரா, பிரஷர் மாத்திரையில் தலை சுற்றியதா, கண்புரையா? எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தீர்களா? அடுத்த செக்கப்புக்கு வரும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.