யூட்ரோஃபிகேஷன்: பேர்ல மட்டும் ‘நல்ல’ ஊட்டம்

ஏரித் தண்ணி பச்சைப் பெயிண்ட்டைக் கலக்கி விட்ட மாதிரி ஆகி, நாலு நாள்ல மீனெல்லாம் செத்து மிதந்தா அடிபடுற சொல்லு யூட்ரோஃபிகேஷன். பேரைப் பிரிச்சுப் பாத்தா இதுல கெட்டதே கிடையாது. கிரேக்கத்துல ‘யூ’ன்னா நல்ல, ‘ட்ரோஃபே’ன்னா ஊட்டம். (நம்ம தைலமரம், அதான் யூகலிப்டஸ், அதுலயும் இதே ‘யூ’தான், ‘நல்லா மூடினது’ன்னு அர்த்தம், மொட்டுக்கு மூடி இருக்குல்ல.)

1907ல கார்ல் ஆல்பர்ட் வெபர்ங்கிற ஜெர்மன் தாவரவியல்காரர் சத்து நெறைஞ்ச சதுப்பு நிலத்தைச் சொல்லத்தான் ‘யூட்ரோஃப்’னு எழுதினார். 1919ல ஸ்வீடன்காரர் ஐனார் நவ்மன் அதை ஏரிக்குக் கொண்டு வந்தார். அப்போ இது நோயோட பேரு இல்ல, வெறும் வகை பிரிக்கிற சொல்லு, சத்து கம்மியா தெளிஞ்சு கெடக்குற ஏரி ஒலிகோட்ரோஃபிக், சத்து நெறைஞ்சது யூட்ரோஃபிக், அவ்ளோதான். சாக்கடையும் உரமும் சோப்புத்தூளும் ஏரில கலக்க ஆரம்பிச்சப்புறம்தான் சொல்லோட அர்த்தமே கெட்டுச்சு.

நடக்குறது இதுதான். பாஸ்பரஸும் நைட்ரஜனும் சேரச் சேர பாசி கன்னாபின்னான்னு பெருகும், மேல படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், அடியில இருக்குற செடி சாகும், அப்புறம் பாசியும் செத்து கீழ எறங்கும், அதைத் திங்குற பாக்டீரியா தண்ணில இருக்குற ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும். விஷம் வச்சுட்டாங்கன்னு ஊர்ல பேசிக்குவாங்க, பாதி நேரம் காரணம் இந்த ஆக்சிஜன் பஞ்சம்தான்.

யாரு குத்தவாளின்னு ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு. சோப்புக் கம்பெனிங்க எல்லாம் கார்பன்தான் காரணம், எங்க சோப்புத்தூள்ல இருக்குற பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் கலந்த உப்பு, இல்லன்னாங்க. 1973ல கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல டேவிட் ஷிண்ட்லர் குழு, 226ங்கிற நம்பர் குடுத்திருந்த ஒரு சின்ன ஏரிய நடுவுல திரை கட்டி ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், இன்னொரு பக்கம் அதே ரெண்டோட பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையாச்சு, மேலருந்து எடுத்த போட்டோல கோடு கிழிச்ச மாதிரி தெரிஞ்சுது. அதுக்கு மேல கார்பன் கதை எடுபடல.

சரி, தமிழ்ல என்ன? இலங்கைப் பாடநூல்கள்ல ‘நற்போசணையாக்கம்’. ‘யூ’வை ‘நல்’னு அச்சு மாறாம கொண்டு வந்திருக்காங்க, இலக்கணமா சரி, ஆனா படிக்கிற புள்ள ஏதோ சத்துணவுத் திட்டம்னுதான் நெனைக்கும். இந்தப் பக்கம் மிகையூட்டம், ஊட்டச்செறிவுன்னு ஆளாளுக்கு எழுதுறாங்க. என் ஓட்டு மிகையூட்டத்துக்கு, ஏன்னா கெடுதலே அந்த ‘மிகை’லதான் இருக்கு. செறிவுன்னா வெறும் அளவுதான் தெரியுது, அத்துமீறல் தெரியல. ஒலிகோட்ரோஃபிக்குக்கு ‘குறையூட்ட ஏரி’ன்னா ஜோடியும் அமைஞ்சுடும்.

பாசிக்கு யார்கிட்டயும் கடன் வாங்க வேண்டியதில்ல. பசுமைங்கிற அதே வேர்லருந்து வந்த சொல்லு. குறுந்தொகை 399ல பரணர், ஊருணிப் பாசி கை பட்ட எடத்துல விலகி கை எடுத்ததும் திரும்பப் பரவுற மாதிரிதான் பசலை, அதாவது காதலன் பிரிவுல பொண்ணு மேல படர்ற வெளிறின நிறம்னு பாடியிருக்கார், தண்ணி மொண்ட யாரும் பாத்திருப்பாங்க. பாசி திடீர்னு பெருகுறதைத்தான் இங்கிலீஷ்காரன் ப்ளூம்ங்கிறான், அதுக்கு ‘பாசி பூத்தல்’னு எழுதுனா மொழிபெயர்ப்பு வாடை அடிக்குதுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல, ஊறுகாய்ல பூசணம் பூத்துருச்சுன்னு வீட்டுல சொல்றதுதானே.

ஒரே ஒரு எடத்துல மட்டும் பாசிங்கிற சொல்லு ஏமாத்தும். நீலப்பச்சைப் பாசின்னு சொல்றது நெஜத்துல பாசியே இல்ல, சயனோபாக்டீரியாங்கிற ஒரு பாக்டீரியா கூட்டம். மைக்ரோசிஸ்டின்ங்கிற கல்லீரல் விஷத்தை உண்டாக்குறது இந்தக் கூட்டத்துல சிலதுதான். 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட டொலீடோ நகரத்துல, ஈரி ஏரில இது பூத்து, சுமார் அஞ்சு லட்சம் பேரு குழாய்த் தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க, கொதிக்க வச்சும் குடிக்காதீங்கன்னும் சேத்தே சொன்னாங்க, ஏன்னா கொதிச்சா தண்ணிதான் வத்தும், விஷம் அப்படியே தங்கி இன்னும் கெட்டியாகும்.