காய்கறிக்குள் கரைந்திருக்கும் இறால்

துபாய் அலுவலகங்களில் பிலிப்பினோ நண்பர்களின் பிறந்தநாள் என்றால் பான்சித் இல்லாமல் இருக்காது. நூடுல்ஸ் நீளமாக இருப்பதால் ஆயுளும் நீளும் என்பது அவர்கள் நம்பிக்கை. சத்வாவிலோ கராமாவிலோ உள்ள உணவகத்துக்கு ஆர்டர் போட்டால், அகலமான வட்டத் தட்டில் எல்லோருக்கும் சேர்த்து வந்துவிடும். அருமையான சாப்பாடுதான். ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்பவள் என்ற முறையில், ஆர்டர் போடும் முன் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

பினாக்பெத்தைப் பாருங்கள். பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், பரங்கிக்காய் எல்லாம் போட்டு, நம் வீட்டுக் கூட்டு மாதிரியே இருக்கும். மெனுவிலும் பெரும்பாலும் காய்கறி வரிசையில்தான் நிற்கும். அதற்கு உப்பும் ருசியும் தருவதோ பாகூங். சின்ன இறாலையோ மீனையோ உப்பில் ஊறவைத்துப் புளிக்கச் செய்த விழுது அது. வெந்ததும் சாற்றோடு கரைந்துவிடும். கரண்டியால் துழாவினாலும் ஒரு இறால்கூட அகப்படாது. "காய்தானே மேடம் சாப்பிட்டேன்" என்றார் என்னிடம் வந்த ஒருவர். அவருக்கு இறால் ஆகாது. நாலு வாய் சாப்பிட்டதற்கே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று.

நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. இறாலில் ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியப் புரதமான ட்ரோபோமயோசின் சூட்டைத் தாங்கக்கூடியது.

வேர்க்கடலை ஆகாதவர்கள் கரே-கரேவைத் தொடவே வேண்டாம். அதன் குழம்பே கடலை அரைத்ததுதான். தேங்காய்ப்பாலில் வேகும் லைங் என்ற சேப்ப இலைக் கறியிலும் பாகூங் சேர்ப்பது வழக்கம். அடோபோ என்ற, வினிகரில் வேகும் இறைச்சிக் கறியில் ஊற்றும் சோயா சாஸில் பொதுவாகக் கோதுமை இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களும் இந்தப் பாகூங் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

டெலிவரி ஆப்பில் குறிப்பு எழுதினால் மட்டும் போதாது. சமையலறையில் இருப்பவர் அதைப் படித்தாரா என்று நமக்குத் தெரியாது. உணவகத்துக்கே போன் செய்து, "இதில் பாகூங், மீன் சாஸ், கடலை இருக்கிறதா? இறால் பொரித்த எண்ணெயிலேயே லும்பியாவும் பொரிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். லும்பியா என்பது அவர்களின் ஸ்பிரிங் ரோல். அலர்ஜி என்ற சொல்லைச் சேர்த்தே சொல்லுங்கள். வெறுமனே "வேண்டாம்" என்றால் பிடிக்காது என்று எடுத்துக்கொள்வார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த உணவை விட்டுவிடுங்கள். ஆகாதவருக்குத் தனி டப்பாவில் வாங்கி, மற்றவர்கள் கரண்டி போடும் முன் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், மீட்டிங் முடியட்டும் என்று பான்சித்தை மேசையிலேயே வைத்திருக்காதீர்கள். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைச் சாப்பிட வேண்டாம்.

சாப்பிட்டபின் யாருக்காவது தொண்டை இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ, அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் தந்த எபிநெஃப்ரின் ஊசி கையில் இருந்தால் உடனே தொடையில் போட்டுவிட்டு, 998-க்கு அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.